நானே அடித்த நம்பர்

அன்றைக்கு ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். முதலாளி ரஹீம் பாய். வண்டிக்குச் சொந்தக்காரர் செந்தில். அவருடைய மகள் அனன்யா. அப்போது இருபது வயது, காலேஜில் இரண்டாம் வருஷம். ஐந்தாவது, டேல் என்ற வெள்ளைக்காரர். வண்டியை வாங்கப் போகிறவர் வேறு மாநிலத்தில் இருந்ததால், அவர் சார்பில் வண்டியைப் பார்த்து ரிப்போர்ட் எழுத வந்தவர். அவர் வந்தது பதினொரு மணிக்கு. மற்ற நாலு பேரும் எட்டரைக்கே இருந்தோம். வேறு ஈ காக்காய் கிடையாது. இதை ஏன் இவ்வளவு கணக்காகச் சொல்கிறேன் என்றால், அங்கே இல்லாதவர்கள்கூடப் பிற்பாடு கூட இருந்து பார்த்தது போலப் பேசினார்கள்.

பழைய அமெரிக்க வண்டிகளைச் சீராக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற நீங்கள் என்னை ஏதாவது எழுதித் தரச் சொன்னீர்கள். கார்புரேட்டர் பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அதெல்லாம் வீடியோவில் இருக்கிறது, என்னைவிட நன்றாகவே சொல்கிறார்கள். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். புதுப்பேட்டையில் வண்டி பிரித்துக்கொண்டிருந்தவன், நர்ஸ் வேலை கிடைத்த மனைவியின் பின்னால் டெக்சஸுக்கு வந்தேன். எனக்கு உருப்படியாகச் சொல்லத் தெரிந்தது நான் கெடுத்த ஒரு வேலையைப் பற்றித்தான்.

முதலில் என்னைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். நான் பயப்படுகிறவன். ஒரு போல்டை மூன்று தடவை முறுக்கிப் பார்ப்பேன். வீட்டுக்குப் போகிற வழியில் ஃப்ரீவேயை விட்டு இறங்கித் திரும்பி வந்து, ஜாக் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறேன். ரஹீம் பாய் கிண்டல் பண்ணுவார்: "மேஸ்திரி, உங்கள மாதிரி ஆளு ஏரோப்ளேன் செய்யணும். இல்லேன்னா செய்யவே கூடாது." இப்படிப் பயப்படுகிறவன் தப்பு செய்யமாட்டான் என்றுதான் நானும் நினைத்தேன். பயம் வேறு, கவனம் வேறு. அது புரிய எனக்கு அறுபத்து மூன்று வயது ஆயிற்று.

செந்தில் கோயமுத்தூர்க்காரர். ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் எஞ்சினியர். அவருடைய அறுபத்தொன்பதாம் வருஷத்துக் கேமரோ முதலில் எங்களிடம் வந்தபோது டிரெய்லரில் வந்தது. ஒரு பண்ணை வீட்டில் விலைக்கு விடுகிற சாமான்களோடு கிடந்ததாம். சீட்டுக்குள் எலிக்கூடு. அதை ஒன்பது வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தோம். போனஸ் வந்தால் பெயின்ட். வரி ரீஃபண்டு வந்தால் கியர்பாக்ஸ். சனிக்கிழமை மத்தியானம் லுங்கியோடு வந்துவிடுவார். "அண்ணா, இன்னிக்கு என்னங்ண்ணா கழட்டறோம்?" என்பார். மகள் சின்னப் பிள்ளையாகப் பின்சீட்டில் உட்கார்ந்து கலர் பென்சிலால் வரைந்துகொண்டிருக்கும்.

அந்த வண்டியை ஓட்டியிருந்தால் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சாவியைத் திருப்பினதும் ரோட்டில் போகிறவன் நின்றுவிடுவான். சும்மா நிற்கும்போதே மொத்த உடம்பும் லேசாகக் குலுங்கும், கண்ணாடியில் பின்னால் இருக்கிறவன் முகம் தெரியாது. ஏசி கிடையாது. பிரேக்கை மிதித்தால் நிற்பதற்கு யோசிக்கும். கோடையில் உள்ளே உட்கார்ந்தால் தொடை சீட்டோடு ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு தொல்லையும் சேர்ந்துதான் அது வண்டி. ஊருக்கு வடக்கே சோளக்காட்டு ரோட்டில் ஒருநாள் என்னை ஓட்டச் சொன்னார் செந்தில். மூன்றாவது கியரில் மிதித்தேன். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது. நான் பயப்படாமல் இருந்த சில நிமிஷங்கள் என் வாழ்க்கையில் உண்டு என்றால் அது அதுதான். அதற்கு அடுத்த வருஷம், கையில் இருந்ததைப் போட்டு எனக்கென்று ஒரு பழைய நோவா வண்டி வாங்கினேன்.

இனி நம்பருக்கு வருகிறேன். அந்தக் கால எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம், வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு தட்டையான இடம் இருக்கும். அதில் ஃபேக்டரியில் அடித்த நம்பர். அது வண்டியின் நம்பரோடு ஒத்துப்போனால், பிறந்தபோது இருந்த எஞ்சினே இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். அதற்கு ஒரு விலை. ஒத்துப்போகாவிட்டால் வேறு விலை. வண்டி ஓடுவதற்கும் அந்த நம்பருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் வாங்குகிறவன் கண் முதலில் அங்கேதான் போகும்.

அந்த வருஷம் எஞ்சின் புகைவிட ஆரம்பித்தது. பிரித்தேன். பிளாக்கை மெஷின் ஷாப்புக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஒரு ஃபாரம். என்னென்ன வேலை வேண்டுமோ அந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும். பிளாக்கின் மேல்மட்டத்தை அளந்து பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குள் ஒரு அரிப்பு. நாளைக்கு கேஸ்கெட் லீக் ஆனால்? செந்தில் மகளோடு வெகு தூரம் போகிறபோது வழியில் நின்றால்? மட்டத்தைச் சீவுகிற கட்டத்திலும் ஒரு டிக் அடித்தேன். தேவையே இல்லாத டிக்.

மட்டத்தைச் சீவினால் நம்பர் இருக்கிற இடமும் சேர்ந்து போய்விடும். அது எனக்குத் தெரியாதா? தெரியும். நம்பரை விட்டுவிட்டுச் சீவலாம், அதற்கு ஒரு வரி எழுத வேண்டும். ஃபாரத்தின் அடியில் அதற்கு இடமும் விட்டிருந்தார்கள். நான் எழுதவில்லை. என் இங்கிலீஷை எழுதிக் காட்ட எனக்கு வெட்கம். இருபது வருஷமாக எல்லாவற்றையும் வாயால் சொல்லியே சமாளித்தவன். மெஷின் ஷாப்பில் இருந்த கிழவனுக்கு என் வழக்கம் தெரியும். போன் பண்ணி "நம்பர் நோ டச்" என்றால் போதும். அன்றைக்கும் பண்ணினேன். எடுத்தது வேறு குரல். "ஓகே, ஓகே" என்றது. கிழவனுக்கு முட்டி ஆபரேஷன் என்பதும், அந்தக் குரல் புதிதாக வந்தவனுடையது என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

பிளாக் திரும்பி வந்தது. பிளாஸ்டிக்கைக் கிழித்தேன். நம்பர் இருந்த இடம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. என் முகம்கூடத் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனசு என்ன சொல்லிற்று தெரியுமா? செந்தில் இந்த வண்டியை எந்தக் காலத்தில் விற்கப் போகிறார்? எஞ்சின் பூட்டி, ஸ்டார்ட் பண்ணி, அவர் சந்தோஷமாக இருக்கிற நேரமாகப் பார்த்துச் சொல்லிக்கொள்வோம். எதிராளி சந்தோஷமாக இருக்கும்போது கெட்ட சேதியைச் சொல்லலாம் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரம் வராது.

ஒன்பதாம் நாள் செந்தில் போன் பண்ணினார். "அண்ணா, வேலை போயிருச்சுங்ண்ணா." பதினேழு வருஷம் இந்த நாட்டில் இருந்தவர், க்ரீன் கார்டு வரிசையில் நின்றுகொண்டே இருந்தவர். வேலை போனால் அறுபது நாளில் வேறு வேலை கிடைக்க வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும். மகள் மூன்று வயதில் வந்த பிள்ளை. அப்பா அம்மா கிளம்பினாலும் அவள் ஸ்டூடன்ட் விசா வாங்கிப் படிப்பை முடிக்கலாம். ஆனால் அப்போது வெளிநாட்டுப் பிள்ளைக்கான கூடுதல் ஃபீஸ், இரண்டு வருஷத்துக்கு. வீட்டை விற்றால் கடனுக்கே சரியாகிவிடும்.

"அதான், கேமரோவக் குடுத்தர்றேன். ஆள் கெடைச்சுட்டாருங்க. அறுபத்தஞ்சாயிரம் பேசியாச்சு. நம்பரோட பழைய போட்டோ அனுப்பிச்சேன், அதப் பார்த்துட்டுத்தான் ஒத்துக்கிட்டாரு."

நான் "சரிங்க தம்பி" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குப் பிறகு எஞ்சினைப் பூட்டி ஓடவிட மூன்று வாரம் ஆயிற்று. தினமும் காலையில் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று கிளம்புவேன். சாயங்காலம் சொல்லாமல் திரும்புவேன். மனைவி, "சுகர் செக் பண்ணீங்களா, முகமே சரியில்லையே" என்பாள்.

அந்த நாள் வந்தது. டேல் வருவதற்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. செந்தில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அனன்யா போனில் வண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இனி மறைக்க வழியில்லை என்றான பிறகு சொன்னேன். அது சொன்னதாகவே கணக்கில்லை.

செந்தில் ஹூட்டுக்குள் குனிந்து பார்த்தார். அந்த இடத்தை விரலால் தடவினார்.

"எப்பத் தெரியும்ங்ண்ணா?"

"ஒரு மாசம் ஆச்சு."

"ஒரு மாசம்." துணியை மடித்தார். மறுபடி பிரித்தார். "நீங்க புதுப்பேட்டைல நம்பர் அடிச்சிருக்கறீங்கன்னு சொல்லியிருக்கறீங்க."

சொல்லியிருந்தேன். துருப்பிடித்து அழிந்த நம்பரை ஆர்சி புக்கைப் பார்த்துத் திரும்ப அடிப்போம். சில நேரம் எந்த புக்கைப் பார்த்து என்று கேட்கமாட்டோம். சிரிப்பதற்காகச் சொன்ன கதை.

"தம்பி, அது வேற."

"என்னங்க வேற? எஞ்சின் அதே எஞ்சின்தானுங்களே. பொய் நம்பரா அடிக்கச் சொல்றேன்? அதே நம்பர். நீங்க அழிச்சத நீங்க எழுதிக் குடுங்க, அவ்வளவுதான்."

ரஹீம் பாயைப் பார்த்தேன். அவர் சட்டைப் பையில் இருந்து போனை எடுத்தார். "டயர் லோடு வருதான்னு கேக்கணும்" என்று வெளியே நடந்தார். வாசலில் நின்று திரும்பாமலே சொன்னார்: "மேஸ்திரி, நான் எதையும் பாக்கல. என்ன விட்டுருங்க."

அனன்யா அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். தமிழ் எல்லாம் புரியும்.

அவசரத்தில் இருக்கிறவன் கேட்கிற கேள்வி எப்போதும் சரியாகத்தான் இருக்கும். அதே எஞ்சின்தானே என்றால் ஆமாம், அதே எஞ்சின்தான். பதில் இல்லை என்பதற்காகக் கையைக் கொடுத்துவிடக் கூடாது என்பதை யோசிக்க எனக்கு நேரமும் இல்லை, தைரியமும் இல்லை. நம்பர் அடிக்கிற இரும்பு அச்சுகளையும் சுத்தியலையும் எடுத்தேன். போட்டோவைப் பார்த்து அடித்தேன். மூன்றாவது எழுத்து போட்டோவில் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அதே சாய்வில் அடித்தேன். எண்ணெய்யும் தூசியும் தேய்த்து நிறத்தை மங்க வைத்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை. செந்தில் பார்த்துவிட்டு என் தோளைத் தொட்டார். "போதுங்ண்ணா. தேங்க்ஸ்ங்க."

டேல் எழுபது தாண்டினவர். வந்ததும் பேப்பரை எடுக்கவில்லை. வண்டியின் முன்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அவரும் இதே மாடல் வைத்திருந்தாராம், இதே நீலம். முதல் குழந்தை பிறந்தபோது விற்றுவிட்டாராம். "அந்தக் குழந்தைக்கு இப்போ ஐம்பது வயசு. இன்னும் அவன்கிட்ட சொல்லிக்காட்டறேன்" என்று சிரித்தார். ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். சத்தம் ஷெட்டுத் தகரத்தில் மோதித் திரும்பியது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு டார்ச்சை அடித்து நம்பரைப் பார்த்தார். போட்டோவோடு ஒத்துப் பார்த்தார். தலையாட்டினார். பேப்பரில் டிக் அடித்தார். அனன்யா மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

அத்தோடு விட்டிருந்தால் போதும். டேல் என்னிடம் வந்து கையை நீட்டினார். இத்தனை சுத்தமாக வேலை செய்கிற ஷாப்பில் இரண்டாவது தடவை பார்க்கத் தேவையில்லை என்றார். என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கையை எடுக்கவில்லை.

"சார்," என்றேன். "நம்பர் நியூ. ஐ டிட். டுடே மார்னிங்."

எஞ்சின் மட்டும் டிக் டிக் என்று ஆறிக்கொண்டிருந்தது. வெளியே பாய் போனில் பேசுவது நின்றுவிட்டது.

டேல் கோபப்படவில்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. மறுபடி டார்ச் அடித்து, ஃபேக்டரியில் சீவும்போது அந்த இடத்தில் விழுகிற மெல்லிய கோடுகள் இல்லாததை இப்போது பார்த்தார். "நான் உள்ளே வந்தபோதே சொல்லியிருக்கலாமே" என்றார். இடம் வெறுமையாக இருந்து, மெஷின் ஷாப் பில்லையும் பழைய போட்டோவையும் பக்கத்தில் வைத்திருந்தால், இது தவறுதலாகச் சீவப்பட்டது என்றுதான் எழுதியிருப்பாராம். வாங்குகிறவர் பத்தாயிரம் குறைத்திருப்பார், ஆனால் வாங்கியிருப்பார். "இப்போது நம்பர் திரும்ப அடிக்கப்பட்டது என்று எழுதணும். எழுதாமல் இருக்க எனக்கு வழி இல்லை. அது இந்த வண்டியை விட்டுப் போகாது." முன்பு போட்ட டிக்கின் மேல் கோடு கிழித்துவிட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதினார்.

அவர் போன பிறகு செந்தில் என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. "பத்து நிமிஷம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாமேங்ண்ணா" என்றார். "இல்லாட்டி ஒரு மாசம் முன்னாலயே தொறந்திருக்கலாம்."

அனன்யா அப்பா பக்கத்தில் நின்று அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "இட்ஸ் ஓகே, அப்பா" என்றாள். பிறகு என்னைப் பார்த்தாள். "ஒய் நவ், அங்கிள்?" கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். நான் வண்டியின் ஹூட்டைச் சாத்தினேன்.

உண்மையைச் சொன்னால் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை. நான் அதைச் சொன்னது டேலுக்காகவா, வாங்குகிறவனுக்காகவா? அந்தக் கை என் கையைப் பிடித்திருந்ததை என்னால் தாங்க முடியவில்லை, அவ்வளவுதான். எனக்காகச் சொன்னேன். அதற்கு அந்தப் பெண் ஃபீஸ் கட்டினாள்.

இதில் உங்களுக்கு ஏதாவது இருக்கிறது என்றால் இதுதான். தப்பு நடந்த அன்றைக்குச் சொன்னால் அது தப்பு. ஒரு மாசம் கழித்துச் சொன்னால் ஏமாற்று. மூடி மறைக்க ஒரு வேலை செய்துவிட்டுச் சொன்னால், எதிராளிக்கு இரண்டு நஷ்டம். நீங்கள் இந்த மூன்றில் எங்கே நிற்கிறீர்கள் என்று கைவேலையைத் தொடங்குவதற்கு முன்னால் பாருங்கள். அப்புறம் எழுதுங்கள். தப்புத் தப்பாகவாவது எழுதுங்கள். உங்கள் இங்கிலீஷைப் பார்த்து மெஷின்காரன் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

வாங்க இருந்தவர் அன்றைக்குச் சாயங்காலமே விலகிவிட்டார். பழைய வண்டி வாங்குகிற கூட்டம் பெரிய நாட்டில் ஒரு சின்னத் தெரு மாதிரி. விஷயம் பரவிவிட்டது. மெஷின் ஷாப்பில் நஷ்டஈடு கேட்டேன். ஃபாரத்தைக் காட்டினார்கள், டிக் என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. ஷெட்டு இன்ஷூரன்ஸில் கேட்கலாமா என்றதற்குப் பாய், "நம்பர் அடிச்ச கதையையும் சேர்த்து எழுதணும் மேஸ்திரி, எழுதறீங்களா?" என்றார். எஞ்சின் வேலைக்கு அவர் செந்திலிடம் ஒரு டாலர்கூட வாங்கவில்லை. என்னையும் போகச் சொல்லவில்லை. நானே வேலையை விட்டு நின்றுகொண்டேன்.

அறுபது நாள் முடிய நாலு நாள் இருக்கும்போது ஒரு வியாபாரி இருபத்தொன்பதாயிரத்துக்குக் கேமரோவை எடுத்துக்கொண்டான். அது ஒரு வருஷ ஃபீஸுக்கே காணவில்லை. மூன்று பேரும் கிளம்பினார்கள். இங்கே படித்த இரண்டு வருஷத்தில் எதையும் ஊரில் ஒத்துக்கொள்ளவில்லையாம். அந்தப் பெண் கோயமுத்தூரில் மறுபடி முதல் வருஷத்தில் உட்கார்ந்தாள், தமிழ் எழுதத் தெரியாமல்.

அறுபத்தைந்துக்கும் இருபத்தொன்பதுக்கும் நடுவில் முப்பத்தாறாயிரம். அதில் என் பங்கு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. நான் மொத்தத்தையும் என் பெயரில் எழுதிக்கொண்டேன். முதலில் நோவாவை விற்றேன். வாங்க வந்தவன் ஓட்டிப் பார்க்கிறீர்களா கடைசியாக என்று சாவியை நீட்டினான். வேண்டாம் என்றுவிட்டேன். பதினாலாயிரத்து ஐந்நூறு வந்தது, அப்படியே அனுப்பினேன். அதற்குப் பிறகு மாசம் நானூறு. செந்தில் போனை எடுப்பதில்லை. பணம் மட்டும் திரும்பி வராமல் போய்ச் சேருகிறது. ஒரே ஒரு தடவை அவர் மனைவி எடுத்தார். "டிவில பழைய காரு வந்தா எந்திரிச்சுப் போயிர்றாருங்க. அனுப்பறத அனுப்புங்க. பேச வேண்டாம்ங்க" என்றார். என் மனைவிக்கு இன்னும் மூன்று வருஷம் வேலை இருக்கிறது. அதற்குள் முடித்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

இந்த மாசத்தோடு இருபத்து மூன்று தவணை கட்டியாயிற்று. பாக்கி பன்னிரண்டாயிரத்து முந்நூறு டாலர்.